தோற்றவர் வரிசை – 11: ஒப்பந்தத்துக்காகத் தோற்றவர்கள்

சென்ற வாரம் ஸ்காட்லாந்தில், அர்ப்ரோத் மைதானத்தில், 36–0 என்ற கணக்கோடு பான் அக்கார்டு அணியைக் கைவிட்டு வந்தோம். 1885 சங்கதி. படிக்கத் தவறியவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி சொல்ல இங்கே இடமில்லை.

இந்த வாரம் வெலிங்டன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நம் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன்தான். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் கால்பந்து அணி 1955-ல் டெல்லிக்குப் போய் டூரண்ட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மலையேறிய கதை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இந்திய விமானப்படை, முடிவு 3–2. நம் தொடரின் சட்டப்படி அதை விமானப்படையின் பக்கமிருந்துதான் சொல்லியாக வேண்டும். அதற்கான குறிப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் 1916-ஆம் வருடத்து அமெரிக்க ஆட்டம் ஒன்று குறுக்கே வந்து விழுந்தது. கல்லூரி அணி. ஸ்கோர் 222–0.

இருநூற்று இருபத்திரண்டு. அச்சுப்பிழை இல்லை, பிழை திருத்துபவர் கை வைக்க வேண்டாம்.

வெலிங்டன் கடைத்தெருவில் தேநீர் குடிக்கும்போது, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தொடரை வாராவாரம் படித்துவிட்டுக் குறை சொல்பவர்.

"இருநூத்தி இருபத்திரண்டா? கோலா, ரன்னா தம்பி?"

"பாயிண்ட்டுங்க ஐயா. அமெரிக்கா ஃபுட்பால். கையில தூக்கிட்டு ஓடுறது."

"எந்த காலேஜ்?"

"கம்பர்லேண்ட்."

"நான் ஸ்டாஃப் காலேஜோன்னு பயந்துட்டேன்" என்றார். வெலிங்டனில் காலேஜ் என்றால் 1947-ல் குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ராணுவ ஸ்டாஃப் காலேஜ் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் கணக்கில் பள்ளிக்கூடம். கிளாஸை வைத்துவிட்டு அவர் அடுத்துக் கேட்டதுதான் சரியான கேள்வி: "அவ்வளவு மோசமான டீமு எதுக்குத் தம்பி கிரவுண்டுக்குப் போச்சு? வாக் ஓவர் குடுத்துட்டு வீட்ல இருந்திருக்கலாமே?"

கொடுத்திருக்க முடியாது. கொடுத்தால் 3,000 டாலர் தண்டம். என்னை இந்த வாரம் தூங்கவிடாத விஷயமே இதுதான்.

டென்னசி மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூர். அங்கே கம்பர்லேண்ட் கல்லூரி. அதன் பெருமை பந்தாட்டம் அல்ல, சட்டப்படிப்பு. 1891-ல் அங்கே சட்டம் படித்து வெளியேறிய கார்டெல் ஹல், பின்னாளில் ரூஸ்வெல்ட்டின் வெளியுறவு அமைச்சராகி, 1945-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். ஆனால் பந்தாட்டத்திலும் அவர்கள் ஒரு காலத்தில் சோடை போனவர்கள் இல்லை. 1903-ல் அலபாமாவை 44–0, லூசியானா மாநிலப் பல்கலையை 41–0, டூலேனை 28–0 என்று சில நாட்களுக்குள் அடுத்தடுத்து வாரிச் சுருட்டியிருக்கிறார்கள். அதே பருவத்தின் கடைசியில் கிளெம்சனோடு 11–11 என்று சமன். அந்த கிளெம்சன் அணிக்கு அப்போது பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். பெயரை நினைவில் வையுங்கள். மறுவருடம் அவர் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்குக்கு வேலை மாறினார்.

பதின்மூன்று வருடத்தில் நிலைமை தலைகீழ். 1916-ல் கம்பர்லேண்ட் கல்லூரி கால்பந்தே வேண்டாம் என்று அணியைக் கலைத்துவிட்டது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆட்டங்களை ரத்து செய்ய வேண்டும். அக்டோபர் 7 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கோடு ஆடுவதாக ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஹைஸ்மன் விடுவதாயில்லை. வந்து ஆடினால் 500 டாலரும் வழிச்செலவும், வராவிட்டால் 3,000 டாலர் இழப்பீடு என்று பிடித்துக்கொண்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பேஸ்பால்தான் காரணம். அந்த வருட வசந்தத்தில் டெக்கின் பேஸ்பால் அணியை கம்பர்லேண்ட் 22–0 என்று உரித்து அனுப்பியிருந்தது. டெக்கின் பேஸ்பாலுக்கும் ஹைஸ்மன்தான் பயிற்சியாளர். மாணவர் என்ற பெயரில் நாஷ்வில் நகரத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து இறக்கினார்கள் என்பது டெக் தரப்பின் குற்றச்சாட்டு. நம்மூர்க் கோடைக்காலப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உள்ளூர்ப் பெயரில் பதிந்த அணியில் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய நால்வர் இருப்பார்கள். கேட்டால், "மாமா வீடு இங்கதாங்க."

ஹைஸ்மன் அப்படிச் சிரித்துவிட்டுப் போகும் ஆளில்லை. 22 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு 2 போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் திட்டமிட்டே 222-ல் நிறுத்தினார் என்று எவரும் சொல்லவில்லை. தற்செயல்தான். இருந்தாலும் இந்தத் தற்செயல் எனக்கு ஹைஸ்மனைவிடப் பிடித்திருக்கிறது.

கம்பர்லேண்ட் பக்கம் மாட்டிக்கொண்டவர் ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர், அணியின் மேலாளர். கல்லூரிக்கு 3,000 டாலர் நஷ்டம் வராமல் தடுப்பது அவர் தலையில் விழுந்தது. அணிதான் இல்லையே? சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள், தன் மாணவர் சங்கத்துத் தோழர்கள் என்று பதினைந்து பேருக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் திரட்டினார். ரயிலேற்றினார். வழியில் நாஷ்வில்லில் வண்டி நின்றபோது சிலர் இறங்கிப் போய்த் திரும்பவே இல்லை என்றும் ஒரு கதை உண்டு. திரும்பாதவர்கள் புத்திசாலிகள்.

ஆட்டத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் விதி வேண்டும். பந்து நீள்வட்டம். கையில் அணைத்துக்கொண்டு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதன்பின் ஒரு உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் இன்னொரு நான்கு கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. இவ்வளவு போதும்.

முதல் கால் பகுதி 63–0. இரண்டாவதும் 63. ஆக, இடைவேளையில் 126–0. மூன்றாவதில் 54, நான்காவதில் 42. டெக் எல்லைக்கோட்டைத் தாண்டியது 32 தடவை, உதையில் விழுந்தது 30. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நானும் போட்டுப் பார்த்தேன்.

இதில் ஒரு விசித்திரம். புதிய நான்கு முயற்சிகளை அன்று இரண்டு அணிகளுமே ஒரு தடவைகூடச் சம்பாதிக்கவில்லை. கம்பர்லேண்டுக்கு 10 கெஜம் போக முடியவில்லை. டெக்குக்குத் தேவையே இல்லை. கையில் கிடைத்த முதல் நான்குக்குள்ளேயே எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொன்று: பந்தைக் காற்றில் முன்னோக்கி வீசும் முறையைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் வாதாடி, 1906-ல் அது விதியாவதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர் ஹைஸ்மன். அன்றைக்கு அவருடைய அணி ஒரு பந்தைக்கூட வீசவில்லை. ஓடியே முடித்துவிட்டார்கள். எட்டு முழ வேட்டி வாங்கி வைத்துக்கொண்டு துண்டோடு கல்யாணத்துக்குப் போனாற்போல.

கம்பர்லேண்டின் தந்திரம் ஒன்றும் சொல்லத் தக்கது. புள்ளி கொடுத்த அணி, பந்தைத் தானே வாங்கிக்கொள்ளலாம், அல்லது எதிராளிக்கே உதைத்துவிடலாம் என்பது அன்றைய விதி. வாங்கினால் மேலே விழுந்து நசுக்குகிறார்கள், பந்து கைதவறுகிறது. எனவே சில தடவை உதைத்துவிட்டார்கள். புள்ளி வாங்கிய டெக்குக்கே மீண்டும் பந்து. தூரத்திலிருந்து ஓடி வரட்டும், அதுவரை மூச்சு வாங்கலாம். படிக்கும்போது சிரிப்பு வந்தாலும், அடிபடுகிறவன் கணக்கில் பார்த்தால் நியாயமான முடிவு. தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தபின், எலும்பு முறியாமல் தோற்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும் வேலை.

பந்து கைதவறி உருண்டபோது நடந்ததாக ஒரு கதை அமெரிக்காவில் நூறு வருடமாகச் சுற்றுகிறது. "எடுடா அதை" என்று ஒருவர் கத்த, பந்தருகே நின்றவர், "நீதானே போட்டாய், நீயே எடு" என்றாராம். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஆலன் வழியாகப் பரவியவை. அவர் பின்னாளில் வாஷிங்டனில் பெரிய புள்ளி. ட்ரூமன், ஐசனோவர் என்று ஜனாதிபதிகளுக்கு நெருங்கிய நண்பர். விருந்துக்கு விருந்து இந்தத் தோல்வியைச் சொல்லியே சிரிக்க வைத்தவர். ஆகவே உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். 1903-ல் அலபாமாவை வென்ற கம்பர்லேண்ட் ஆட்டக்காரர்களில் ஒருவர் பெயராவது இன்று நமக்குத் தெரியுமா? 222 வாங்கித் தந்தவர் பெயர் தெரிகிறது.

இடைவேளைக்குப் பிறகு ஆட்டத்தின் நேரத்தைச் சுருக்கினார்கள். அதிலும் 96 புள்ளி. ஜெயித்தவர் பக்கம் எனக்குக் கோபம் இங்கேதான். 126–0 என்ற நிலையில் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்? பெஞ்சில் இருக்கும் பொடியன்களை இறக்கிவிட்டு வெற்றிலை போடப் போயிருக்கலாம். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்து எந்த அணி பெரிது என்று எழுதும் பத்திரிகையாளர்களுக்குப் பாடம் கற்பிக்கத்தான் இவ்வளவு அடித்தேன் என்று ஹைஸ்மன் சமாதானம் சொல்வதுண்டு. பத்திரிகைக்காரனுக்குப் பாடம் சொல்ல, சட்டப்புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வந்த பிள்ளைகளின் விலா எலும்பா கிடைத்தது? இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. 22–0 உறுத்தியது, அவ்வளவுதான். மறுவருடம் அவருடைய டெக் அணி நாட்டின் சாம்பியன் என்று பேரெடுத்தது. 1936-ல் அவர் இறந்தபின், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிகப்பெரிய தனிநபர் விருதுக்கே ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கம்பர்லேண்ட் கணக்கைப் பாருங்கள். வராமல் இருந்தால் 3,000 போயிருக்கும். வந்ததால் 500 வந்தது. வித்தியாசம் 3,500 டாலர். புள்ளிக்குக் கிட்டத்தட்ட 16 டாலர் வீதம் ஹைஸ்மனிடம் அவர்கள் சம்பாதித்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஒப்பந்தத்தைச் சட்ட மாணவர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். இதை ஹவில்தார் ஐயாவிடம் சொன்னபோது, "அப்போ ஜெயிச்சது அவங்கதான்னு எழுதிடாதீங்க தம்பி. தோத்தா தோத்ததுதான்" என்றார். எழுதவில்லை ஐயா. தோற்றார்கள். கூலி வாங்கிக்கொண்டு தோற்றார்கள்.

இந்த ஆட்டம் ஏன் நம் பக்கம் வரவில்லை என்றும் ஒரு கேள்வி எழும். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அசல் அமெரிக்கர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். கூடைப்பந்தும் கைப்பந்தும் இங்கே வேர்விட ஒய்.எம்.சி.ஏ. பட்ட பாடு பெரிது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக்தான். அமெரிக்கக் கால்பந்து மட்டும் அவர்களோடு கப்பலேறி வந்து நிலைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் நம் தமிழ்நாட்டுக் கல்லூரி ஏதாவது ஒன்றின் பெயரில் இந்தப் பத்தியை நான் எழுத நேர்ந்திருக்கும்.

பக்கம் தீர்ந்துவிட்டது, வெலிங்டன் மிச்சம். அடுத்த வாரம் கட்டாயம். ஜக்கதளா என்ற படுகர் ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட பாசறை 1860-வாக்கில் வெலிங்டன் ஆனதிலிருந்து தொடங்க மாட்டேன், பயப்பட வேண்டாம். நேராக பீட்டர் தங்கராஜுக்கு வருகிறேன். செகந்திராபாத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்து, வெலிங்டன் அணியில் சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கி, பிறகு கோல்கீப்பரானவர். 1955-லும், கூர்க்கா பிரிகேடை 2–0 என்று வென்ற 1958-லும் டூரண்ட் கோப்பையைப் பார்த்தவர். 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டித் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தவர். ஆனால் நம் தொடரில் அவருக்கு இடம் 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான். ஹங்கேரியிடம் 2–1, பெருவிடம் 3–1.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ ஐம்பதுகளில் வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்து, அந்த அணியின் குழுப்படமோ ஆட்டச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால், நகல் எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். அசலை அனுப்ப வேண்டாம். தபாலில் தொலைந்தால் என்னால் பதில் சொல்ல முடியாது.