உறையிலிருந்து திரைக்கு: ஐரோப்பாவில் மின்னணு அரசுக் கொள்முதல்

ஓர் அரசு அலுவலகம் நாற்காலி வாங்கினாலும், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினாலும், செலவாவது மக்கள் செலுத்திய வரிப்பணமே. எனவே யாரிடமிருந்து வாங்கப்பட்டது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எந்த அடிப்படையில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூற அரசு கடமைப்பட்டுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இக்கடமை மிகப் பெரியது. அங்கே மத்திய அமைச்சகங்கள் முதல் சிற்றூர் நகராட்சிகள் வரை 2,50,000-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் பொருள்களையும் பணிகளையும் சேவைகளையும் வாங்குகின்றன. இதற்கு அவை ஆண்டுதோறும் செலவிடும் தொகை ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ. ஒன்றியத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது சுமார் 14 விழுக்காடு. இவ்வளவு பெரிய கொள்முதலைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றும் பணி அங்கே எவ்வாறு நடந்தது, அதனால் விளைந்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முத்திரையிட்ட உறையின் காலம்

காகித முறையில் ஒப்பந்தப்புள்ளி அளிப்பது உழைப்பும் செலவும் மிகுந்த செயல். ஒப்பந்த ஆவணங்களைக் கேட்டுப் பெற வேண்டும். வரி பாக்கி இல்லை, நொடிப்பு நிலை இல்லை, குற்றத் தண்டனை இல்லை என்பதற்கெல்லாம் தனித்தனிச் சான்றிதழ்கள் திரட்ட வேண்டும். எல்லாவற்றையும் பல படிகள் எடுத்து, உறையிலிட்டு முத்திரை வைத்து, குறித்த நாளில் குறித்த மணிக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அயல்நாட்டு நகராட்சி ஒன்றின் பணிக்குப் போட்டியிட விரும்பும் சிறு நிறுவனத்திற்கு அஞ்சல் தாமதமே தோல்விக்குப் போதுமான காரணமாகலாம்.

ஆயினும் அந்த உறைக்கு ஓர் அருமையான பயன் இருந்தது. திறக்கும் நேரம் வரை உள்ளே இருக்கும் விலையை எவரும் அறிய முடியாது. இந்த நம்பிக்கையைத் தர இயலாத எந்தக் கணினி முறையும் காகிதத்திற்கு மாற்றாகாது. ஐரோப்பாவில் விதிகளை வகுத்தவர்கள் முதலில் எதிர்கொண்ட சிக்கல் இதுவே.

விருப்பத்திலிருந்து கட்டாயத்திற்கு

2004-ஆம் ஆண்டின் கொள்முதல் பணிப்பாணைகள் மின்னணு வழிமுறைகளை அனுமதித்தன, ஆனால் கட்டாயமாக்கவில்லை. 2005-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய ஐரோப்பிய அமைச்சர்கள், குறித்த வரம்புக்கு மேற்பட்ட அரசுக் கொள்முதலில் குறைந்தது பாதியையாவது 2010-க்குள் மின்னணு முறையில் நடத்துவதென இலக்கு வகுத்தனர். 2010-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு ஆவணம் காட்டிய நிலை வேறாக இருந்தது. இம்மாற்றத்தில் முந்திக்கொண்ட நாடுகளில்கூடக் கொள்முதல் தொகையில் 5 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதியே மின்னணு முறையில் நடந்திருந்தது.

இத்தாமதத்திற்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமே காரணமன்று. ஒவ்வொரு நாடும், சில நாடுகளில் ஒவ்வொரு மாநிலமும், தனக்கெனத் தனித் தளம் அமைத்துக்கொண்டது. ஒரு நாட்டில் பெற்ற மின்னணுக் கையொப்பத்தை மற்றொரு நாட்டின் தளத்தில் பயன்படுத்துவது கடினமாயிருந்தது. பழகிய முறையைக் கைவிட அலுவலர்களும் தயங்கினர், விற்பவர்களும் தயங்கினர். எல்லோரும் மாறினால்தான் மாற்றம் பயன் தரும் என்ற நிலையில், முதலில் மாறுபவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சியது.

இந்த முடிச்சை முதலில் துணிந்து அவிழ்த்த நாடு போர்ச்சுகல். 2009 நவம்பர் 1 முதல் அரசுக் கொள்முதலில் மின்னணு முறையை அது கட்டாயமாக்கியது. பிற நாடுகளுக்கு இது முன்மாதிரியாயிற்று. 2014-ஆம் ஆண்டின் புதிய பணிப்பாணைகள் ஒன்றியம் முழுவதற்கும் படிப்படியான காலக்கெடுவை விதித்தன. 2016 ஏப்ரல் முதல் கொள்முதல் அறிவிக்கைகள் மின்னணு முறையில் அனுப்பப்பட்டு, ஒப்பந்த ஆவணங்கள் கட்டணமின்றி முழுமையாக இணையத்தில் கிடைக்க வேண்டும் என்றாயிற்று. பிற அமைப்புகளுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மைய அமைப்புகள் 2017 ஏப்ரலிலிருந்தும், ஏனைய எல்லா அமைப்புகளும் 2018 அக்டோபர் 18-இலிருந்தும் ஒப்பந்தப்புள்ளிகளை மின்னணு முறையிலேயே பெற வேண்டும் என்றாயிற்று. கட்டடக் கலைஞரின் மாதிரி உருவம் போன்று கணினி வழியே அனுப்ப இயலாதவற்றுக்கும், மிகுந்த இரகசியம் காக்க வேண்டியவற்றுக்கும் விலக்கு உண்டு.

ஓர் ஒப்பந்தம் நடக்கும் விதம்

ஒரு நகராட்சி தன் பள்ளிகளுக்கு நாற்காலிகள் வாங்க விரும்புவதாகக் கொள்வோம். செலவு, ஒன்றியம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி அறிவிக்கும் வரம்பைத் தாண்டினால், அறிவிக்கை 'டெட்' எனப்படும் ஐரோப்பியப் பொது இணையதளத்தில் வெளியாக வேண்டும். அத்தளத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் அது இயங்குகிறது.

மொழித் தடையைக் கடக்க அங்கே கையாளப்படும் உத்தி எளிமையானது. வாங்கத்தக்க ஒவ்வொரு பொருளுக்கும் பணிக்கும் எட்டு இலக்கக் குறியீட்டு எண் உண்டு. நாற்காலிக்குரிய எண் 39112000. இவ்வெண்ணைக் கொண்டு தேடும் உற்பத்தியாளர், எந்த நாட்டின் எந்த அலுவலகம் எந்த மொழியில் அறிவித்திருந்தாலும் அதைக் கண்டுகொள்ள முடியும்.

அடுத்தது தகுதிச் சான்று. முன்பு போட்டியிடுவோர் அனைவரும் எல்லாச் சான்றிதழ்களையும் முன்னதாகவே இணைக்க வேண்டியிருந்தது. தோற்பவர்களுக்கு அவ்வளவு உழைப்பும் வீண். இப்போது ஒரே வடிவமுடைய தன்னுறுதிப் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும். உரிய சான்றிதழ்களை வெற்றி பெறுபவர் மட்டும் அளித்தால் போதுமானது. இப்படிவம் 2018 ஏப்ரல் முதல் மின்னணு வடிவில் மட்டுமே வழங்கப்படுகிறது.

பிறகு விலைப்புள்ளியைப் பதிவேற்றுதல். முத்திரையிட்ட உறையின் பணியை இங்கே மறைகுறியாக்கம் செய்கிறது. ஒப்பந்தப்புள்ளி வந்து சேர்ந்த நாளும் நேரமும் துல்லியமாகப் பதிவாக வேண்டும். கெடு முடியும் முன் எவரும் உள்ளே பார்க்க இயலாதிருக்க வேண்டும். உரிமை பெற்ற அலுவலர்கள் மட்டுமே, உரிய நாளுக்குப் பின்னரே, திறக்க வேண்டும். யாரேனும் முன்கூட்டியே திறக்க முயன்றால் அம்முயற்சி தெரியவர வேண்டும் என்று பணிப்பாணை கூறுகிறது. காகித உறையைத் திறந்து மீண்டும் ஒட்டியவர் தப்பித்துவிடலாம். முறையாக அமைந்த கணினிப் பெட்டியில் அம்முயற்சியின் தடயம் பதிவாகிவிடும்.

மின்னணு முறையால் நேரமும் மிச்சமாகிறது. அனைவரும் பங்கேற்கும் வெளிப்படை ஒப்பந்தத்தில் போட்டியாளர்களுக்குக் குறைந்தது 35 நாள் அவகாசம் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளை மின்னணு முறையில் பெறும் அலுவலகம் அதில் 5 நாள்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

பணம் கைக்கு வரும் வரை

ஒப்பந்தம் கிடைப்பதோடு சிறு நிறுவனத்தின் கவலை தீர்வதில்லை. பொருளை அளித்தபின் பணம் வரும் நாளே அதற்கு முதன்மையானது. பணம் தாமதமானால் நடைமுறை மூலதனத்திற்காகக் கடன் வாங்க நேரும். அந்த வட்டி, ஒப்பந்தத்தில் கிடைத்த இலாபத்தைத் தின்றுவிடும். வங்கி வாடிக்கையாளர்கள் நன்கறிந்த உண்மை இது.

ஆகவே விலைப்பட்டியலையும் மின்னணு வடிவுக்குக் கொண்டுவருவது இம்மாற்றத்தின் இன்றியமையாத பகுதி. டென்மார்க் 2005 பிப்ரவரியிலேயே அரசுக்கு அனுப்பப்படும் விலைப்பட்டியல்கள் மின்னணு வடிவில் இருக்க வேண்டும் என விதித்தது. இத்தாலி 2014 ஜூனில் அமைச்சகங்கள் முதலியவற்றுக்கும், 2015 மார்ச் இறுதியில் ஏனைய அரசு அமைப்புகளுக்கும் இவ்விதியைக் கொண்டுவந்தது. 2014-இல் பிறந்த தனிப் பணிப்பாணையின்படி, ஐரோப்பியப் பொதுத் தரத்தில் அமைந்த மின்னணு விலைப்பட்டியலை எந்த உறுப்பு நாட்டின் அரசு அமைப்பும் ஏற்க மறுக்க இயலாது. இது 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி போன்ற கீழ்நிலை அமைப்புகளுக்கு மேலும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

இப்பட்டியல்களைக் கொண்டு செல்வதற்கு 'பெப்போல்' என்னும் வலையமைப்பு பெரிதும் பயன்படுகிறது. 2008-இல் சோதனைத் திட்டமாகத் தொடங்கிய இதன் அமைப்பு, ஒருவகையில் வங்கிப் பணப்பரிமாற்றத்தை ஒத்தது. அனுப்புபவர் ஒரு சேவையாளரிடமும், பெறுபவர் வேறொரு சேவையாளரிடமும் பதிவு செய்திருக்கலாம். உங்கள் கணக்கு ஒரு வங்கியிலும் பெறுபவரின் கணக்கு மற்றொரு வங்கியிலும் இருந்தாலும் பணம் சென்று சேர்வதைப் போலவே, பட்டியலும் இரு சேவையாளர்கள் வழியாக உரியவரைச் சேரும்.

அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி. மின்னணு விலைப்பட்டியல் வந்த நாள் ஐயமின்றிப் பதிவாவதால், 'பட்டியல் எங்களுக்கு வரவில்லை' என்று கூற இடமில்லை. விற்றவரின் வங்கிக்கும் கடன் கோரிக்கையைப் பரிசீலிக்க அது தெளிவான சான்றாகிறது.

போட்டி பெருகியதா?

இத்தனைக்கும் நோக்கம் ஒன்றே: அதிகமானோர் போட்டியிட வேண்டும், அதனால் விலை குறைந்து தரம் உயர வேண்டும். இந்நோக்கம் நிறைவேறியதா என்பதை ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023 டிசம்பரில் வெளியிட்ட சிறப்பறிக்கையில் ஆராய்ந்தது. 2011 முதல் 2021 வரையிலான பத்தாண்டில், ஓர் ஒப்பந்தத்திற்குச் சராசரியாகப் போட்டியிட்டோர் எண்ணிக்கை 5.7-லிருந்து 3.2-ஆகக் குறைந்திருந்தது. ஒரே ஒருவர் மட்டும் ஒப்பந்தப்புள்ளி அளித்த கொள்முதல்களின் பங்கு 23.5 விழுக்காட்டிலிருந்து 41.8 விழுக்காடாக உயர்ந்திருந்தது. முடிவெடுக்க ஆகும் காலமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தது.

கணினி வந்ததால்தான் போட்டி குறைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கணினி வந்ததால் மட்டும் போட்டி பெருகிவிடாது என்பதே இதன் பாடம். வாசல் அகலத் திறந்திருந்தாலும், உள்ளே வருபவரிடம் கேட்கப்படும் தகுதி அவரால் எட்ட முடியாததாயின் அவர் வரமாட்டார். இதை உணர்ந்தே 2014-இன் பணிப்பாணை வேறு சில விதிகளையும் சேர்த்தது. போட்டியிடும் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல், தக்க காரணம் இருந்தாலன்றி, ஒப்பந்த மதிப்பின் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் எனக் கேட்கலாகாது; பெரிய ஒப்பந்தத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், பிரிக்காவிடில் ஏன் என்று விளக்க வேண்டும். இவ்விதிகளை மனமார நடைமுறைப்படுத்துவது அலுவலர் கையில் இருக்கிறது. மென்பொருள் அதைச் செய்துவிட இயலாது.

போட்டி குறைந்து வந்தது என்பதைத் தணிக்கை மன்றம் கண்டறிய உதவியதும் மின்னணுப் பதிவுகளே என்பது கவனிக்கத்தக்கது. காகிதக் கோப்புகள் நாடெங்கும் அலமாரிகளில் சிதறிக் கிடந்திருந்தால், பத்தாண்டு வீழ்ச்சியை எண்களில் காண்பது அரிதாயிருக்கும். 2023 அக்டோபர் 25 முதல் அறிவிக்கைகளுக்குப் புதிய பொது மின்படிவங்கள் கட்டாயமாக்கப்பட்டிருப்பதும் தரவுகளைச் செம்மைப்படுத்தவே.

உக்ரைன் கண்ட வழி

ஒன்றியத்திற்கு வெளியே உள்ள உக்ரைன், இத்தரவுகளை மக்கள் கையிலேயே ஒப்படைத்தது. 2014-இன் மக்கள் எழுச்சிக்குப் பின், ஊழலை ஒழிக்க விரும்பிய தன்னார்வலர்களின் முயற்சியில் 'ப்ரோசோரோ' என்னும் கொள்முதல் முறை உருவாயிற்று. 2015 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கி, 2016 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமாயிற்று. மையத் தரவுத்தளம் ஒன்றே. அதனுடன் இணைந்த தனியார் தளங்கள் பல. விற்பவர் எதில் பதிவு செய்தாலும் நாட்டின் எல்லா ஒப்பந்தங்களையும் காணலாம். விலையை மூன்று சுற்றுகளில் குறைத்துக்கொண்டே வரும் எதிர்முறை ஏலம் நடக்கும். ஏலம் முடிந்தபின் தோற்றவரின் விலை உட்பட அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 'டோசோரோ' என்னும் கண்காணிப்புத் தளத்தின் வழியே குடிமக்களும் வணிகர்களும் ஐயத்திற்குரிய ஒப்பந்தங்களைச் சுட்டிக்காட்டுகின்றனர்.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்தியாவிலும் 2016 ஆகஸ்டில் 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தை தொடங்கப்பட்டது. சிறு தொழில் நடத்தும் வாசகர்கள் பலர் அதில் பதிவு செய்திருக்கக்கூடும். எந்த நாட்டின் மின்னணுக் கொள்முதலையும் மதிப்பிட ஐரோப்பிய அனுபவம் சில வினாக்களைத் தருகிறது. ஓர் ஒப்பந்தத்திற்கு எத்தனை பேர் போட்டியிட்டனர்? அவர்களில் புதியவர்கள், சிறியவர்கள் எத்தனை பேர்? பொருள் அளித்து எத்தனை நாளில் பணம் வந்தது? முடிவின் காரணத்தைத் தோற்றவரும் பொதுமக்களும் அறிய முடிகிறதா?

எத்தனை அலுவலகங்கள் கணினிமயமாயின என்னும் கணக்கு, இவ்வினாக்களுக்கு விடையாகாது. ஐரோப்பா தன் உறைகளைக் கணினிக்கு மாற்றிய பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. அந்தக் கணினிப் பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள் வந்து விழச் செய்யும் பணியே இப்போது அதன்முன் உள்ளது.