சிதறிய ஒளியும் ஓசோன் படலமும்: கே. ஆர். இராமநாதனின் ஆய்வுப் பணி

முன்னுரை

மனிதர் எளிதில் எட்ட இயலாத உயரங்களின் நிலையை அறிவிக்கும் தூது ஒளியாகும். அவ்வொளியை அலைநீள வாரியாகப் பிரித்து ஆராயும் துறை நிறமாலையியல். ஆய்வகத்தின் நீர்க்குடுவையில் இத்துறையின் நுட்பத்தைப் பயின்று, பின்னர் அதனை வானத்தின் பக்கம் திருப்பியவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் (1893–1984). இருவேறு துறைகளாகத் தோன்றும் அவர்தம் பணி, ஒரே ஆய்வுமுறையின் தொடர்ச்சியாக அமைந்தமையை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆய்வு

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் இராமநாதன் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியாற்றினார். 1921இல் ஆய்வு மாணவராகக் கல்கத்தா சென்று சி. வி. இராமனிடம் சேர்ந்தார். கடல் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்னும் வினா அப்போது இராமனின் ஆய்வுக்குழுவில் முதன்மை பெற்றிருந்தது.

1923இல் தூய நீரில் சூரிய ஒளியைச் செலுத்தி இராமநாதன் ஆய்வு செய்தார். ஒன்று கடத்தும் நிறத்தை மற்றொன்று முற்றிலும் தடுக்கும் இரு வடிகட்டிகளை அவர் பயன்படுத்தினார். ஒன்று நீருக்குள் நுழையும் ஒளியின் பாதையிலும், மற்றொன்று சிதறி வெளிவரும் ஒளியின் பாதையிலும் வைக்கப்பட்டன. சிதறும்போது ஒளியின் நிறம் மாறாதெனில் கண்ணுக்கு எதுவும் புலப்படலாகாது. ஆயினும் மங்கலான ஒளித்தடம் ஒன்று எஞ்சியது. நீரிலுள்ள மாசே காரணம் எனக் கருதி, வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தபின்பும் அத்தடம் மறையவில்லை. அது ‘மெல்லிய உடனொளிர்வு’ எனக் குறிக்கப்பட்டது.

மாசினால் விளைந்தது என்னும் விளக்கம் இராமனுக்கு நிறைவளிக்கவில்லை. கே. எஸ். கிருஷ்ணனுடன் அவர் தொடர்ந்த ஆய்வு 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவாக வெளிப்பட்டது. மூலக்கூறு ஒளியின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பெறுவதாலோ, தன் ஆற்றலை அதற்கு அளிப்பதாலோ நிறம் மாறுகிறது என்பது தெளிவாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு முன் எஞ்சிய அத்தடம் பிழையன்று. செய்தியே என்பது அப்போது புலனாயிற்று.

மேல்வளி ஆய்வு

இராமநாதன் 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அளவிக் கருவிகளைச் சுமந்த பலூன்கள் திரட்டிய வெப்பநிலைத் தரவுகளைத் தொகுத்து, 1929இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். வானிலை நிகழ்வுகள் பெரும்பாலும் நடைபெறும் அடிவளி மண்டலத்தின் மேல் எல்லை துருவங்களின் மேல் ஏறத்தாழ 8–9 கி.மீ. உயரத்திலும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்திலும் உள்ளது. உயரே செல்லச் செல்ல வெப்பம் குறைவதால், அவ்வுயரத்தில் மிகக் குளிர்ந்த காற்று வெப்பமண்டலத்தின் மேலேயே நிலவுகிறது. ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கிலுள்ள தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், தரை கோடை வெயிலில் காய்ந்திருக்கையில் அதற்கு நேர்மேலே 17 கி.மீ. அளவில் வெப்பநிலை −80 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும்.

ஓசோன் அளவீடு

1948 முதல் 1966 வரை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய இராமநாதன், ஓசோன் ஆய்வில் ஆழ்ந்தார். இங்கு அவருக்குத் துணைநின்றது டாப்சன் நிறமாலை ஒளிமானி. ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் புறஊதா அலைநீளம் ஒன்றையும், குறைவாக உறிஞ்சும் அலைநீளம் ஒன்றையும் ஒப்பிட்டு, தலைக்குமேலுள்ள ஓசோனின் மொத்த அளவை அக்கருவி தருகிறது.

அந்த ஓசோன் எவ்வுயரங்களில் பரவியுள்ளது என்பதை அறிய உம்கேர் முறை பயன்பட்டது. சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது, உச்சிவானிலிருந்து சிதறிவரும் அவ்விரு அலைநீளங்களின் விகிதம் ஒரு கட்டத்தில் திசைமாறும். மிகுதியாக உறிஞ்சப்படும் ஒளி, அப்போது பெரும்பாலும் ஓசோன் படலத்திற்கு மேலிருந்தே சிதறிவருவதே இதற்குக் காரணம். இத்திருப்பத்திலிருந்து ஓசோனின் செங்குத்துப் பரவலைக் கணக்கிடும் வழிமுறையை ஜே. வி. டேவுடன் இணைந்து 1957இல் இராமநாதன் வெளியிட்டார். குடுவையிலும் வானிலும் சிதறிய ஒளியின் சிறு மாற்றமே அவருக்குச் சான்றாயிற்று.

முடிவுரை

பன்னாட்டுப் புவிப்பரப்பளவியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராக 1954–57இல் பணியாற்றிய இராமநாதன், 1961இல் உலக வானிலை அமைப்பின் பரிசையும் 1976இல் பத்ம விபூஷண் விருதையும் பெற்றார். 1984 டிசம்பர் 31 அன்று மறைந்தார். அடுத்த மே மாதத்தில் அண்டார்க்டிகாவின் ஓசோன் இழப்பு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதனைக் கண்டறியப் பயன்பட்டதும் டாப்சன் கருவியின் நெடுங்கால அளவீடுகளே. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. உடனடிப் பயன் கருதாது ஆண்டுக்கணக்கில் தொடரும் அளவீடுகளின் இன்றியமையாமையை இவ்வரலாறு உணர்த்துகிறது.