இரு நாட்டு அரை அங்குலம்

அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொணர்ந்த அரை அங்குலப் பித்தளைக் குழாயை, மர்பி டவுனிலுள்ள எமது இல்லத்துச் சுவரில் பொருத்த முனைந்தேன். மூன்று சுற்று இனிதே சென்றது, பின் அசையவில்லை. வலிந்து முறுக்கினேன். சுவருக்குள்ளிருந்த எல்போ வெடித்தது. மேல்தொட்டி நீரெல்லாம் கூடத்தில் ஓடிற்று. இல்லாளின் முகத்தை எழுத வேண்டுவதில்லை.

இரண்டிலும் அங்குலத்திற்கு 14 மரைகளே, ஏமாற்றுவது அதுதான். 1841-இல் விட்வொர்த் வகுத்த வழிவந்த நம் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கு 60. வெளிவிட்டமும் சற்றுப் பெரிது. இருப்புப்பாதை அலுவலகத்தில் பணிபுரிந்தும், மீட்டர் பாதையும் அகலப் பாதையும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை!

அன்பர்களே, வெளிநாட்டுக் குழாயை முதலில் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். சிக்கினால் நிறுத்துங்கள். நாடா சுற்றுவது பயன்தராது. ஒருபுறம் அவர் மரையும் மறுபுறம் நம் மரையும் கொண்ட இணைப்பைக் கடையில் கேளுங்கள்.