தட்டின் மேல் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம்

இருபது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுத் திருமணங்களையும் காதணி விழாக்களையும் படம் பிடித்தவர்கள் கடைசியில் நம் கையில் கொடுத்தது ஒரு டிவிடி. மேலே மணமக்கள் சிரிக்கும் படம், கீழே தங்க எழுத்தில் தேதி. அந்தத் தட்டைச் செய்தது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டாக வேண்டும். ஒரே ஆண்டில் பதிந்த இரண்டு தட்டுகளில் ஒன்று நேற்று வாங்கியதுபோல் ஓடுகிறது, மற்றொன்று தாலி கட்டும்வரை ஓடிவிட்டு விருந்து தொடங்கும்போது நின்றுவிடுகிறது.

உறவினர்களும் நண்பர்களும் இப்படிப்பட்ட தட்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து, கணினிக்கு மாற்றித் தரச் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது தட்டின் பூர்வீகத்தை. எதை முதலில் காப்பாற்றுவது என்பதை அதுதான் சொல்லும்.

கடையில் வாங்கிய சினிமாப் பட டிவிடியையும் பதிவு டிவிடியையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. சினிமாத் தட்டு அச்சில் அழுத்தப்பட்டது, அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே இருக்கின்றன. பதிவுத் தட்டில் பிளாஸ்டிக்குக்கும் பளபளக்கும் உலோகப் பூச்சுக்கும் நடுவே மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. சாயத்துக்கு எதிரிகள் வெளிச்சம், வெப்பம், ஈரம். நம் ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

சாயத்தின் தரமும் அதைப் பூசிய விதமும் தொழிற்சாலையைப் பொறுத்தவை. பெட்டியில் அச்சிட்ட பெயருக்கு அதில் பெரும்பாலும் பங்கில்லை. பிலிப்ஸ், சோனி, மேக்செல் என்று கடையில் எத்தனை பெயர்கள் தெரிந்தாலும், உண்மையில் தட்டு செய்தவர்கள் சிலரே. ஜப்பானின் தாயோ யூடென், மிட்சுபிஷி கெமிக்கல், தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ், ரைட்டெக், இந்தியாவின் மோசர் பேர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒரே பெயரில், ஒரே உறையில், இந்த மாதம் ஒரு தொழிற்சாலைத் தட்டும் அடுத்த மாதம் வேறொன்றும் வந்த காலம் அது. மோசர் பேர் நம்மில் பலருக்குத் தமிழ்ப் பட டிவிடிகளில் பழகிய பெயர். அந்த நிறுவனத்தின் அடிப்படைத் தொழிலோ வெற்றுத் தட்டு செய்வது. 2018-இல் அதைக் கலைத்துவிட உத்தரவாகிவிட்டது.

சிங்கப்பூரிலும் மிட்சுபிஷி கெமிக்கலுக்குத் தட்டுத் தொழிற்சாலை இருந்தது. 'மேட் இன் சிங்கப்பூர்' என்று போட்ட வெர்பேட்டிம் டிவிடி உங்கள் அலமாரியில் இருந்தால் அது நல்ல ஜாதகம். வெர்பேட்டிமை மிட்சுபிஷி 1990-இல் வாங்கியது, 2019-இல் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. பெயர் அதேதான், முதலாளி வேறு.

அப்படியானால் உண்மையான தயாரிப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பதிவுத் தட்டிலும் உற்பத்தியின்போதே ஓர் அடையாளக் குறியீடு பதிந்திருக்கும். எழுதி முடித்த தட்டிலும் அது அழியாது. கணினியில் டிவிடி எழுதும் கருவியை இணைத்து, இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து தட்டைப் போட்டால், வலப்பக்கத்தில் அந்தக் குறியீடு தெரியும். 'எம்சிசி' என்று தொடங்கினால் மிட்சுபிஷி. 'டிஒய்ஜி' அல்லது 'யூடென்' என்றால் தாயோ யூடென். 'சிஎம்சி மேக்', 'ரைட்டெக்' என்பவை தம் பெயரையே சொல்கின்றன. சிடியில் எழுத்துக்குப் பதில் நேரம் வடிவில் எண்கள் வரும்: 97:24 என்றால் தாயோ யூடென், 97:34 என்றால் மிட்சுபிஷி.

குறியீடு கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. அந்தக் குறியீடு அச்சு வார்ப்பிலிருந்து வருவது, அதனால் வேறொருவர் பெயரைத் தன் வார்ப்பில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. தாயோ யூடெனின் பெயர் பெரிதாக இருந்ததால் போலிகளும் அதற்குத்தான் அதிகம். 1988-இல் பதிவு சிடியையே உலகுக்குக் காட்டிய நிறுவனம் அல்லவா! அவர்கள் தட்டு செய்தது ஜப்பானில். உறையில் வேறு நாட்டின் பெயர் இருந்து, கணினியில் தாயோ யூடென் குறியீடு வந்தால், அந்தப் பெட்டியை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நிறுவனமும் 2015 முடிவோடு இத்தொழிலை விட்டுவிட்டது. ஆகவே இன்று 'புதிய சரக்கு' என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

கண்ணாலும் கொஞ்சம் படிக்கலாம். தட்டை விளக்கொளியில் சாய்த்து, எழுதும் பக்கத்தின் வெளி ஓரத்தைப் பாருங்கள். சாயம் திட்டுத் திட்டாகவோ, விளிம்புக்கு எட்டாமலோ இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. ஒட்டு விடுவதும் விளிம்பில்தான் தொடங்கும். பதிவு உள்ளிருந்து வெளியே போவதால் படத்தின் கடைசிப் பகுதி விளிம்பில் இருக்கிறது. விருந்துக் காட்சி முதலில் போவதற்கு இதுதான் காரணம். சிடியில் கதை வேறு. அதன் உலோகப் பூச்சு பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

சிடியின் நிறத்தைப் பார்த்து ஜோசியம் சொல்பவர்களும் உண்டு. ஆழ்ந்த நீலம் ஏசோ சாயம், வெளிறிய பச்சையோ பொன்னிறமோ தாலோசயனின் சாயம் என்பது ஓரளவு சரி. அதிலிருந்து தரத்தை மட்டும் ஊகிக்க முடியாது. நல்ல சாயத்தை அரைகுறையாகப் பூசிய தட்டுகள் ஏராளம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிழைகளை எண்ண வேண்டும். ஆப்டி டிரைவ் கண்ட்ரோல், நீரோ டிஸ்க் ஸ்பீடு போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். எல்லாக் கருவியும் ஒத்துழைக்காது, லைட்-ஆன் கருவிகள் பல ஒத்துழைக்கும். டிவிடியில் 'பிஐ' எனப்படும் பிழை எண்ணிக்கை 280-ஐத் தாண்டக்கூடாது, சிடியில் வினாடிக்குச் சராசரி 220-ஐத் தாண்டக்கூடாது. இந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தால் நிம்மதி. ஓராண்டு கழித்து அதே கருவியில் அதே தட்டை மீண்டும் சோதித்து, கோடு மேலே ஏறியிருந்தால் தட்டு சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். படம் அப்போதும் தடங்கலின்றி ஓடும், அதை நம்பி விட்டுவிடக்கூடாது.

இன்றும் தட்டில் சேமிக்க விரும்புவோருக்கு என் சிபாரிசு புளூ-ரே. அதிலும் 'எல்டிஎச்' என்று அச்சிட்டதைத் தவிர்த்துவிடுங்கள், அது மறுபடியும் சாயத் தட்டு. சாதாரண பிடி-ஆர் தட்டில் கனிமப் படலம் இருப்பதால் வெளிச்சத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. 2025 பிப்ரவரியில் சோனியும் பதிவு புளூ-ரே தட்டு செய்வதை நிறுத்திவிட்டது.

வீட்டில் இருப்பவற்றை வார்த்தட்டுக்கு மாற்றும்போது, மேலே காகிதப் படம் ஒட்டியவற்றில் தொடங்குங்கள். பசையும் காகிதமும் ஈரத்தில் சுருங்கி விரிந்து தட்டை வளைக்கும், உரித்தால் இன்னும் மோசம். அடுத்து, பெயரே இல்லாத வெள்ளைத் தட்டுகள். ஒரு கருவி படிக்காததை இன்னொரு கருவி படிக்கலாம், ஆகவே குப்பையில் போடுமுன் இரண்டு மூன்று கருவிகளில் முயன்று பாருங்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில், மெல்லிய துணியால். வட்டமாகத் துடைக்க வேண்டாம்.