வேகத்திற்கு உரிய இடம்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் வீதி சமதரையில் அமைந்தது. மோட்டார் சைக்கிளில் செல்லும் வாலிபருக்கு அங்கே வேகத்தைக் கூட்டும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் மன்னாரில் கழுதைகள் கட்டின்றித் திரிகின்றன. பள்ளிச் சிறுவரும் அதே வீதியில்தான் செல்கின்றனர். ஆதலால் ஆசையைக் கண்டித்தல் மட்டும் போதாது. அதற்குரிய இடத்தையும் காட்டுதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்கள் சில பின்னர் அத்தகைய இடங்களாயின. இலங்கையில் கட்டுக்குருந்தையும், சென்னைக்கு வடக்கே சோழவரமும் இவ்வாறு பந்தயக் களங்களானவையே. 1990ஆம் ஆண்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடமே திறக்கப்பட்டது. அங்கே பந்தய வீரரல்லாதாருக்கும் பயிற்சி நாட்கள் நடைபெறுகின்றன.

பயிற்சி நாள் பந்தயமன்று. அதில் பரிசு இல்லை. முதலில் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கு, டயர், சங்கிலி ஆகியன சோதிக்கப்படும். தலைக்கவசமும் தோலுடையும் இன்றி எவரும் தடத்தில் இறங்கலாகாது. ஓட்டுநரைத் தேர்ச்சிக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைக் கால் மணி நேரமளவே ஓடவிடுவர். களைத்த கை தவறு செய்யும் அன்றோ? மஞ்சட் கொடி கண்டால் முந்துதல் கூடாது. செங்கொடி கண்டால் ஓட்டத்தை நிறுத்தி வெளியேற வேண்டும். ஆம்புலன்ஸ் வண்டி ஆயத்தமாக நில்லாவிடில் ஓட்டமே தொடங்காது.

வேகம் இருமடங்கானால், பிரேக்கைப் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். எதிரே பஸ்ஸும் குறுக்கே கழுதையும் வராத தடத்தில் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தவர், வீதிக்குத் திரும்பும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வர். பயிற்சி நாளின் பெரும்பயன் இதுவே.