சிறு தீயில் ஒரு கறிச்சட்டி



போடிநாயக்கனூரில் விடியற்காலையில் தெருமுனையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புகளில் ஏறி மலைக்குப் புறப்படுவார்கள். பொழுது சாயும் வேளையில் திரும்பிவந்து, அதன் பின்னரே அடுப்பு மூட்டுவார்கள். அன்று கறி எடுத்திருந்தால், அது வேகுமுன் பிள்ளைகள் உறங்கிவிடும். அவர்கள் இல்லாத வேளையில் பெரும்பாலும் தானே வெந்துகொண்டிருக்கும் ஒரு கறிச்சட்டியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குச் சமையலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பௌதிகமும் இரசாயனமும் ஒரே அடுப்பின்மேல் கிடைக்கும்போது ஆசிரியன் வேறெங்கே போவான்?

மலைச்சரிவில் ஏறி இறங்கி மேய்ந்த வெள்ளாட்டின் முன்னங்காற் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஓயாமல் உழைத்த தசை அது. தசையிழைகளைச் சேர்த்துக் கட்டும் வெண்ணிற நார் அதில் மிகுதி. கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன அந்த நாரே கறியைக் கடினமாக்குகிறது. ஆனால் அதே நார், நீரும் சூடும் போதிய நேரமும் கிடைத்தால், கரைந்து ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாக மாறிவிடும். ஏறத்தாழ 70 பாகை சென்டிகிரேடுச் சூட்டிலேயே இம்மாற்றம் நிகழத் தொடங்கும். ஆயினும் மணிக்கணக்கில் நேரம் கேட்கும். தசையிழையின் குணமோ இதற்கு மாறானது. சூடு ஏற ஏற அது சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும். ஆகவே சமைப்பவர் இரண்டு எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் பணிசெய்ய வேண்டியிருக்கிறது. நாருக்கு நீண்ட நேரம் தர வேண்டும். தசைக்குக் கடுஞ்சூடு தரலாகாது.

தீயைப் பெருக்கினால் விரைவில் வேகும் என்பது பலரது நம்பிக்கை. பணியேற்ற புதிதில், தனியே சமைத்துண்ட நாளில், நானும் அப்படித்தான் விறகைத் திணித்து எரித்தேன். கறி ஓரங்களில் சக்கையாகவும் நடுவில் தோல்போலவும் இருந்தது. திறந்த சட்டியில் நீர் கொதிக்கத் தொடங்கியபின், எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு ஏறாது. மிகுதியாகத் தரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும்.

மலைமேல் இன்னொரு சங்கடமும் உண்டு. குரங்கணியிலிருந்து நடந்தேறினால் டாப் ஸ்டேஷனை அடையலாம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் அங்கிருந்து கம்பிவழியாகக் கீழே இறங்கியது. அங்கு வரை தேயிலையைக் கொணர்ந்த இரயில்பாதை 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கடல்மட்டத்திற்கு 1700 மீட்டருக்கும் மேலான அவ்விடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. போடியில் 99 பாகையை ஒட்டிக் கொதிக்கும் நீர், அங்கே 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு அங்கே வேகமாட்டேன் என்று அடம்பிடிப்பது இதனால்தான். அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தும் வழியை 1679ஆம் ஆண்டிலேயே தெனி பாப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மூடுகலத்தால் காட்டினார். நம் பிரஷர் குக்கர் அதன் பேரப்பிள்ளை. ஆனால் நம் கறிச்சட்டிக்கோ கொதிநிலையே தேவையில்லை. ஆதலால் மலையிலும் சமவெளியிலும் அது ஒன்றுபோலவே வேகும்.

இளந்தீயின் அருமை நம்மவர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் தைலம் காய்ச்சுகையில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயையே தரம் பிரித்தனர். வறட்டித் தணலில் நாள் முழுதும் காய்ந்து செந்நிறமான பாலைப் பாட்டிமார் அறிவர். மேலைநாட்டில், யூத மக்கள் ஓய்வுநாளில் தீ மூட்டுவதில்லை. எனவே வெள்ளிக்கிழமையே கறியும் பயறும் இட்ட சட்டியை ரொட்டிக் கடையின் சூட்டடுப்பில் வைத்து, மறுநாள் எடுத்துண்டனர். சோலண்ட் என்னும் அவ்வுணவைப் பற்றித் தம் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர், மின்சாரத்தால் மெல்லச் சூடேறும் ஒரு கலத்தை அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1971 முதல் அது கிராக்-பாட் என்னும் பெயருடன் வீடுகளிற் பரவியது.

இனிச் சட்டியை அடுப்பில் ஏற்றுவோம். ஒரு கிலோ கறியைச் சிறு துண்டுகளாக்காமல், எலும்போடு நான்கைந்து பெருந்துண்டுகளாக வெட்டி வாங்குக. உப்பும் மஞ்சளும் இடித்த மிளகும் தடவி, நல்லெண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வதக்குக. இப்படி வதக்கினால் சாறு உள்ளே பூட்டப்படும் என்று 19ஆம் நூற்றாண்டில் லீபிக் போன்ற பெரியவரே எண்ணினார், அது சரியன்று. வதக்குவது மணத்திற்காக. நீர் கொதிக்கும் சூட்டைவிட மிக உயர்ந்த சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடி விளைவிக்கும் மணம் அது. 1912இல் மாயார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பின்பு கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இஞ்சி, மல்லித்தூள், முழு ஏலக்காய் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்து, கறியின் பாதியளவு நனையுமாறு வெந்நீர் ஊற்றி மூடுக. மின்கலமாயின் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் போதும். ஒன்றிரண்டு பழைய நூறு வாட் விளக்குகள் எரியுமளவு மின்சாரமே அதற்குச் செலவாகும்.

மின்கலம் இல்லாத வீடுகளே மிகுதி என்பதை அறிவேன். விறகடுப்பைத் தணலோடு விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் பரவிய காட்டுத்தீ பல உயிர்களைக் குடித்ததைக் கண்ட நாட்டில், காய்ந்த புல்லருகே உள்ள வீட்டில், அதைச் சொல்ல எனக்கு மனம் வாராது. தீயே இல்லாத வழி ஒன்று உண்டு. அதுதான் வைக்கோற் பெட்டி. உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டால் ஐரோப்பியக் குடும்பங்கள் இதனைப் பெரிதும் கையாண்டன. ஒரு மரப்பெட்டியில் சுற்றிலும் அடியிலும் ஒரு சாண் கனத்திற்கு வைக்கோலை இறுகத் திணியுங்கள். சட்டியில் முக்காலளவுக்குமேல் நிறையுமாறு கறியும் நீரும் இருக்கட்டும். அரைமணி நேரம் நன்கு கொதித்த சட்டியை மூடியோடு எடுத்து, துணி சுற்றி உள்ளே வைத்து, மேலே தலையணை ஒன்றால் அழுத்தி மூடிவிடுங்கள். வைக்கோலிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே சட்டி தன் சூட்டிலேயே ஐந்தாறு மணி நேரம் வேகும்.

இங்கே கண்டிப்பு வேண்டும். சூடு 60 பாகைக்குக் கீழ் இறங்கினால் நோய்க்கிருமிகள் பெருகத் தொடங்கும். காலை ஆறு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருபவருக்கு இப்பெட்டி மட்டும் போதாது. நண்பகலில் யாரேனும் சட்டியை எடுத்து மீண்டும் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பெட்டியில் வைக்கவேண்டும். விடுமுறை நாளில் அந்த ‘யாரேனும்’ நீங்களாக இருக்கலாம். எடுக்கும்போது சட்டி கை தாங்கும் சூட்டில் இருந்தால், கறியை உண்ணாதீர்கள், வருந்தாமல் கொட்டிவிடுங்கள். இராஜ்மா என்னும் சிவப்புப் பயற்றை நேராக இச்சட்டிகளில் இடுவதும் ஆகாது. ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீரில் தளதளவெனக் கொதிக்கவைத்தாலன்றி அதிலுள்ள நச்சுப் புரதம் அழியாது. இளஞ்சூட்டில் அதன் வேகம் கூடவும் கூடும்.

மாலையில் அம்மா வந்ததும் சட்டியைத் திறந்து, மறுபடி ஒரு கொதி வரவிட்டு, இரண்டு ஏலக்காயை இடித்துத் தூவுங்கள். காலையிலேயே இடித்துப் போட்டால் அதன் மணம் அத்தனையும் பகலிலேயே போய்விடும். போடிக்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. கறி, கரண்டி பட்ட மாத்திரத்தில் எலும்பை விட்டுக் கழலும். மிஞ்சிய குழம்பைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் பாருங்கள். பாகுபோல் உறைந்து, கிண்ணத்தைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்கும். நேற்றுப் பல்லுக்கு வசப்படாதிருந்த நார்தான் அது.