எஸ்.பி.எம். மலாய்க் கட்டுரையும் வாக்கிய அமைப்பும்

எஸ்.பி.எம். தேர்வில் மற்றப் பாடங்களில் எத்துணைச் சிறப்பாகத் தேறினும், மலாய் மொழியில் தேறாத மாணவருக்குச் சான்றிதழ் கிடைப்பதில்லை. 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடத்திற்கும் இவ்விதி உண்டு. 'பிள்ளை சரளமாக மலாய் பேசுகிறான், தேறிவிடுவான்' எனத் தோட்டப் பெற்றோர் பலர் அமைதி கொள்வதை நாம் காண்கிறோம். பேச்சு வேறு, தேர்வுத் தாள் வேறு.

கடைத்தெருவில் 'சாயா பூஞா ரூமா' என்றால் 'என்னுடைய வீடு' என எவருக்கும் விளங்கும். தமிழின் சொல்வரிசையும் அதுவே ஆதலால் நம் நாவுக்கு அது எளிது. கட்டுரையிலோ அது பிழை. இலக்கண மலாயில் விளக்கப்படும் சொல் முன்னும் விளக்கும் சொல் பின்னும் நிற்கும்: 'ரூமா சாயா', 'ரூமா பெசார்'.

மாணவர் பெரிதும் இடறுவது செயப்பாட்டு வினையில்தான். 'அம்மரம் அப்பாவால் சீவப்பட்டது' என்பதை 'போக்கோக் இத்து டித்தோரே ஓலே ஆயா' என எழுதலாம். அதைப் பார்த்து, 'என்னால்' என்பதற்கு 'டித்தோரே ஓலே சாயா' என எழுதிவிடுகின்றனர். தன்மை, முன்னிலை இடங்களில் 'டி'யும் 'ஓலே'யும் வாரா. 'போக்கோக் இத்து சாயா தோரே' என்பதே சரி.

'டாரி', 'டாரிபாடா' குழப்பத்தில் தமிழே துணை நிற்கிறது. 'ஈப்போவிலிருந்து' என இடத்தைக் குறித்தால் 'டாரி'. 'அப்பாவிடமிருந்து' என ஆளைக் குறித்தால் 'டாரிபாடா'. ஒப்பிடும்போதும் 'டாரிபாடா'வே வரும். 'பாரா குரு' என்பதே ஆசிரியர்கள் எனப் பன்மை உணர்த்தும். 'பாரா குரு-குரு' என்பது மிகை.

'டி' எனும் சிற்றெழுத்தும் மதிப்பெண்ணைக் குறைக்கும். பழைய எழுத்துமுறையில் கற்ற தாத்தாமார், இடத்தைக் குறிக்கும் 'டி'யையும் வினையின் முன்னொட்டான 'டி'யையும் சிறு கோடிட்டே இணைத்தனர். 1972இல் வந்த புதிய எழுத்துமுறை அக்கோட்டை நீக்கிற்று. இடப்பெயர் தொடர்ந்தால் பிரித்தும் (டி ரூமா), வினை தொடர்ந்தால் சேர்த்தும் (டிபாச்சா) எழுதுதல் வேண்டும்.

மலாய் அறியாத தாயும் இதில் உதவலாம். பிள்ளை எழுதிய கட்டுரையில் 'டி' வரும் இடமெல்லாம் அடிக்கோடிடச் செய்து, ஒவ்வொன்றும் இடமா, வினையா எனத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.